லண்டன் போதும், ஒரு நாள் லாக்ஸ்டனுக்குப் போங்கள்

நம் விவசாயிகளின் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் மருத்துவமனையில் நர்ஸ், இன்னொருவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் எஞ்சினீயர். மகளின் பேறுகாலத்துக்கென்றும் பேரப்பிள்ளையைப் பார்க்கவென்றும் ஊரிலிருந்து தாயும் தகப்பனும் விமானம் ஏறுகிறார்கள். போன இடத்தில் பிள்ளைகள் லீவு போட்டு அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய கடிகாரக் கோபுரம், தேம்ஸ் நதிப் பாலம், அரண்மனை வாசலில் காவல் மாறும் வேடிக்கை, மெழுகு பொம்மைகள். திரும்பி வந்தவரிடம், "அங்கே வெள்ளாமை எப்படி நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ரயில் சன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது. வேலி கட்டிய வயலில் ஆடு மேய்ந்தது" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆயுள் முழுவதும் வரப்பில் நடந்த மனிதர் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்து வந்தது அவ்வளவுதானா என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே, அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பிள்ளைகளிடம் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நியூவார்க் என்னும் ஊர் வரும். அங்கிருந்து சுமார் 10 மைல் வடக்கே, நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில், லாக்ஸ்டன் என்ற சிறு கிராமம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

"அங்கே என்ன இருக்கிறது? வயல்தானே?" என்று பிள்ளை கேட்கும். வயல்தான். ஆனால் இங்கிலாந்து முழுவதிலும் அப்படி நடத்தப்படும் வயல் வேறெங்கும் இல்லை.

நாட்டின் நடுப்பகுதிக் கிராமங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு காலத்தில் இருந்த முறை இது. ஊரைச் சுற்றி வேலியில்லாத இரண்டு மூன்று பெரிய வயல்வெளிகள் இருக்கும். ஒவ்வொரு வெளியும் நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு குடியானவருக்கு எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் இருக்காது. இந்த வெளியில் ஒன்று, அந்த வெளியில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மட்ட மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் வர வேண்டும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இப்படித் துண்டு துண்டாக இருப்பதன் தொல்லையை நம்மவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குப் பிறகு நாலு இடத்தில் அரை ஏக்கர் வைத்துக்கொண்டு ஏர் ஓட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

லாக்ஸ்டனில் இன்றும் மூன்று வெளிகள் உண்டு. மேற்கு வெளி, தெற்கு வெளி, ஆலை வெளி என்று அவற்றுக்குப் பெயர். ஒரு வெளியில் குளிர்காலக் கோதுமை போட்டால், அடுத்த ஆண்டு அதில் பார்லி, பயறு போன்ற வசந்தகாலப் பயிர். மூன்றாம் ஆண்டு அது தரிசு. மூன்று வெளிகளிலும் இந்த முறை சுற்றி வரும். தரிசிலும் அரிதாளிலும் முன்பெல்லாம் ஊர் ஆடுகள் பொதுவாக மேய்ந்தன. நம் ஊரில் கிடை போடுவதன் பலன் தெரிந்தவர்களுக்கு இதையும் விளக்க வேண்டாம். கனத்த களிமண் பூமி அது. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். உழுவதற்கு ஏற்ற பதம் சில நாட்கள்தான் நிற்கும்.

இதையெல்லாம்விடப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஊர்க் குடியானவர்கள் 12 பேர் ஜூரிகளாகப் புறப்பட்டு, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வெளியைச் சுற்றி வருகிறார்கள். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறிக்கொண்டு போகிறார்கள். யாராவது பக்கத்துத் துண்டுக்குள் ஒரு சால் தள்ளி ஓட்டியிருக்கிறாரா, பொதுப் பாதையைச் செதுக்கியிருக்கிறாரா, உழக்கூடாத புல்தரையில் கலப்பையை இறக்கியிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் முளைக்குச்சி அடித்துக் காட்டுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அந்த ஊர்ச் சாராயக்கடையில், ஆம், சாராயக்கடையில்தான், கோர்ட் லீட் எனப்படும் ஊர்மன்றம் கூடுகிறது. ஸ்டீவர்ட் என்னும் அதிகாரி தலைமை வகிக்கிறார். குற்றம் செய்தவர் பெயர் படிக்கப்படுகிறது, அபராதம் விதிக்கப்படுகிறது, அடுத்த ஜூரிகள் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்கள். அபராதம் சிறு தொகைதான். ஊரார் முன்னால் பெயர் படிக்கப்படுவதுதான் பெரிய தண்டனை.

வரப்புத் தகராறுக்காக வக்கீல் வீட்டுத் திண்ணையில் பத்து வருஷம் உட்கார்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதைக் கொண்டுவந்து இங்கே நட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது நம் மண்ணில் வேர் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

அந்த உழாத புல்தரையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிகளின் நடுவே தாழ்வான, ஈரம் தங்கும் பகுதிகள் உண்டு. அவற்றை 'சைக்' என்கிறார்கள். அங்கே ஏர் வைக்கக்கூடாது. அதில் விளையும் புல்லை அறுக்கும் உரிமை கோடையில் ஊராருக்குள் ஏலம் விடப்படுகிறது. உழாமல் விட்டதால் அரிய பூச்செடிகள் பல அங்கே தப்பிப் பிழைத்தன. இன்று அது இயற்கைப் பாதுகாப்புக்குரிய இடமாக அரசால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஏர் எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த நிபுணரும் வந்து சொல்வதற்கு முன்பே ஊர்க் கட்டுப்பாடு சொல்லியிருந்தது.

கிராமத்தில் வேறு காட்சிகளும் உண்டு. மண்மேட்டுக் கோட்டையின் எச்சம், பழைய செயின்ட் மைக்கேல் தேவாலயம், வயல் முறையை விளக்கும் சிறு கண்காட்சி ஆகியவை இருக்கின்றன. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரின் துண்டுகளை ஒவ்வொன்றாக வரைந்த பெரிய வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வீடுகளின் அமைப்பையும் கவனியுங்கள். இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பல பண்ணை வீடுகள் அவரவர் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும். இங்கே குடியானவர் வீடுகள் தெருவிலேயே வரிசையாக இருக்கின்றன. நிலம் நாலு பக்கமும் சிதறிக் கிடந்தால் வீட்டை வேறு எங்கே கட்டுவது? கிராமத்துக்கு அருகே 1995இல் திறக்கப்பட்ட, ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவு மையமும் இருக்கிறது. அதற்குத் தனியே நேரம் ஒதுக்கிப் போக வேண்டும். போகிற போக்கில் எட்டிப் பார்க்கும் இடமல்ல.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஊருக்கு மட்டும் இந்த முறை எப்படி மிஞ்சியது? மற்ற ஊர்களுக்கு என்ன ஆயிற்று? 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் பாராளுமன்றம் 5,200க்கும் அதிகமான அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் கொண்டுவந்தது. சிதறிய துண்டுகளை ஒன்று சேர்த்து அவரவருக்குத் தனிப் பங்காகக் கொடுப்பதும், பொது மேய்ச்சல் நிலத்தைப் பிரித்துக்கொடுப்பதும் அந்தச் சட்டங்களின் வேலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உற்பத்தி பெருகியது என்பதையும் மறுக்க முடியாது. கால்நடை இன விருத்திக்கும் புதிய பயிர்முறைகளுக்கும் அது வழி செய்தது. ஆனால் ஒப்புதல் கேட்டபோது தலைக்கணக்கு பார்க்கவில்லை. நில மதிப்புக் கணக்கே பார்க்கப்பட்டது. பெரிய நிலக்காரர் இரண்டொருவர் சரி என்றால் போதும். சிறியவர்கள் பலர் கூடி வேண்டாம் என்றாலும் எடுபடாது. கிடைத்த பங்குக்கு வேலி வைக்கும் செலவும் அவரவருடையது. பத்து ஏக்கர்காரருக்கு வேலிச் செலவு எப்படித் தாங்கும்? விற்றுவிட்டார்கள். நிலமே இல்லாமல் ஒரு பசுவையும் நாலு வாத்தையும் பொது நிலத்தில் மேய்த்து, அங்கே விறகும் பொறுக்கிப் பிழைத்தவர்களில் பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ரயில் சன்னல் வழியாக நம்மவர் பார்த்து வியந்த வேலி கட்டிய பச்சை வயல்கள் இருக்கின்றனவே, அவற்றில் பல இப்படி வந்தவைதாம்.

லாக்ஸ்டன் தப்பியதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் வேடிக்கையானது. அங்கே நிலம் வைத்திருந்த பெரிய பிரபுக்கள் இருவர், மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும், தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பெரியவர்கள் சண்டையில் சிறியவர்கள் பிழைத்தார்கள். இதுவும் உலகத்தில் எப்போதாவது நடப்பதுண்டு.

லாக்ஸ்டனைப் பார்த்த அன்றே, பொழுது சாய்வதற்குள், இன்னோர் இடத்தையும் பார்த்துவிட வேண்டும். அரை மணி நேரக் கார் பயணத்தில் சவுத்வெல் என்ற சிறு நகரம் வரும். அதன் ஓரத்தில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று தனியே நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மிராசுதார் மாளிகை என்றே தோன்றும். அது 1824இல் கட்டப்பட்ட ஏழைகள் விடுதி. ஜான் பெச்சர் என்ற பாதிரியார் திட்டமிட்டது. 49 ஊர்களிலிருந்து 158 ஏழைகளைக் கொண்டுவந்து வைப்பதற்காக அமைத்தார்கள். உள்ளே போனதும் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காதபடி தனித்தனி முற்றம், தனித்தனி மாடிப்படி. உடம்பில் தெம்புள்ள ஆண்களுக்குக் கல் உடைக்கும் வேலை. பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுக்கும் வேலை. பெண்களுக்குத் துணி வெளுப்பு. சோறு உண்டு, கூரை உண்டு. ஆனால் வெளியே பட்டினி கிடப்பதைவிட உள்ளே வருவது மோசம் என்று ஏழைக்குத் தோன்ற வேண்டும் என்பதே அதன் கணக்கு. பத்தே வருஷத்தில், 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்துக்கு இந்தக் கட்டடம் ஒரு முன்மாதிரியாயிற்று. நாடெங்கும் இதைப் போன்ற நூற்றுக்கணக்கான விடுதிகள் எழுந்தன.

மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் எல்லோரும் நேராக இங்கே வந்து சேர்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். 1815இல் நெப்போலியன் யுத்தம் முடிந்ததும் தானிய விலை விழுந்தது, கூலி குறைந்தது, ஜனத்தொகையும் பெருகியது. காரணங்கள் பல. ஆனால் ஒரு பசுவும் பொது நிலத்தில் மேய்க்கும் உரிமையும் இருந்திருந்தால் எத்தனை குடும்பம் அந்த வாசல்படியை மிதிக்காமல் இருந்திருக்கும் என்ற எண்ணம் அந்த முற்றத்தில் நிற்கும்போது வரத்தான் செய்யும். நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதை வாங்கிச் செப்பனிட்டு, 2002இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வீடற்ற குடும்பங்களை 1970களில்கூட அங்கே தங்க வைத்தார்கள். அந்தக் கால அறை ஒன்றையும் அப்படியே அமைத்துக் காட்டுகிறார்கள். கட்டில், அடுப்பு, பிள்ளையின் சாமான் எல்லாம் ஒரே அறைக்குள்.

சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் இந்த இரண்டு இடங்களும் தனித்தனியே, 'பழைய வயல்', 'பழைய கட்டடம்' என்று கிடக்கும். ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்ப்பதில்லை. இது தவறு என்பது என் கட்சி. முதலில் லாக்ஸ்டன், பிறகு ஏழைகள் விடுதி. இந்த வரிசையில், ஒரே நாளில் பார்க்க வேண்டும். அப்போதுதான் வரலாறு விளங்கும்.

சவுத்வெல் வரை போய்விட்டால், தோட்டக்காரர்கள் தவறவிடக்கூடாத செய்தி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சமையலுக்குப் பெயர்போன பிராம்லி ஆப்பிள் பிறந்த இடம் இதுதான். 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி இங்கே ஒரு குடிசையின் தோட்டத்தில் விதை போட்டாள். மரம் வளர்ந்தது, அவள் ஊரைவிட்டுப் போனாள். 1846இல் அந்தக் குடிசையை வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர். 1856இல் மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டபோது, 'கொடுக்கிறேன், ஆனால் பழத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும்' என்றாராம் கடைக்காரர். விதை போட்டவளுக்குப் பெயர் இல்லை. உழைத்தவர் ஒருவர், பெயர் எடுத்தவர் இன்னொருவர் என்ற கதை நமக்குப் புதிதா என்ன?

அதே ஊரின் பெரிய தேவாலயத்தில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லில் செதுக்கிய இலைகள் இருக்கின்றன. ஓக், மேப்பிள், முள்மரம், திராட்சை என்று இன்ன இலை என அடையாளம் சொல்லும்படி செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியவன் வேலியோரத்தில் நின்று இலையைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்பதில் சந்தேகமில்லை.

பிள்ளைகள் கட்டாயம் இழுத்துப்போகும் இடம் ஷெர்வுட் காடு. ராபின்ஹூட் கதை அங்கேதான். எட்வின்ஸ்டோ கிராமத்தருகே 'மேஜர் ஓக்' என்னும் முது மரம் பல நூற்றாண்டு கண்டது. பருத்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மரத்தைப் பார்க்கட்டும். நீங்கள் அதைச் சுற்றியுள்ள வேலியைப் பாருங்கள். வந்தவர்கள் எல்லோரும் மரத்தடியில் நடந்து நடந்து மண் இறுகி, மழைநீர் வேருக்கு இறங்காமல் போயிற்று. ஆகவே 1970களில் ஆட்கள் நெருங்காதபடி வேலி போட்டார்கள். பார்க்க வந்த கூட்டமே மரத்தின் உயிருக்குப் பாரமாயிற்று.

வயலுக்கும் இதே கதைதான். அந்த நாட்டில் பண்ணை நிலங்களின் குறுக்கே பொதுநடைபாதைகள் ஏராளம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வயல் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. நடுவே போகும் பாதையை உழலாம். ஆனால் பயிர் வைக்க முதலில் உழுதால் 14 நாட்களுக்குள்ளும், பிறகு செய்யும் வேலைகளுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும், குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சரிசெய்து விட்டாக வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இது. நடப்பவருக்கு இது உரிமை. விவசாயிக்கு இது வேலை.

2001இல் அங்கே கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். நடைபாதைகளை மூடினார்கள். கிராமத்து விடுதிகளும் உணவுக்கடைகளும் காற்று வாங்கின. கிராமத்தைப் பார்க்க வருபவர்களின் பணம் எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் அரசாங்கத்துக்கு நன்றாக உறைத்தது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் 'கிராமியச் சுற்றுலா'தான். நான் கேட்பது இதுதான்: பார்க்க வருபவர் விடுதிக்குக் கொடுக்கிறார், உணவுக்கடைக்குக் கொடுக்கிறார், கார் நிறுத்தக் கொடுக்கிறார். பார்க்கும்படியான அந்த வயலை அப்படியே வைத்திருக்கும் குடியானவருக்கு அதில் என்ன போய்ச் சேருகிறது?

லாக்ஸ்டன்காரர்கள் மியூசியக் காவலர்கள் அல்லர். அவர்களும் கோதுமை விற்றுத்தான் வாழ வேண்டும். 1952இல் மேன்வர்ஸ் பிரபு ஊரை விவசாய இலாகாவுக்கு விற்றார். 1981இல் அது அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்கு மாறியது. 2020இல், பழைய பிரபு வம்சத்துத் தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கியது. கைமாறிய ஒவ்வொரு தடவையும், இந்த முறை நிலைக்குமா என்ற கவலை எழுவது இயற்கை. பெரிய இயந்திரங்களுக்குத் துண்டு நிலம் ஒத்துவராது. குத்தகைக்காரரின் பிள்ளை நகரத்து வேலைக்குப் போய்விட்டால் 12 ஜூரிகளுக்கு எங்கே போவது? வரைபடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம். ஊர்மன்றத்தை அப்படிக் காப்பாற்ற முடியாது. அது நடந்தால்தான் உண்டு.

ஏக்கர் கணக்கில் கொடுத்து வந்த மானியத்தை இங்கிலாந்து அரசு 2021 முதல் படிப்படியாகக் குறைத்து, பொதுப்பணம் பொது நன்மைக்கே என்ற கொள்கைக்கு வந்தது. வேலிச்செடி வளர்த்தால் பணம், பறவைக்கு இடம் விட்டால் பணம். நல்லதுதான். ஊர் கூடி வரப்புப் பார்ப்பதும், சைக்கில் கலப்பை இறக்காமல் இருப்பதும், சிதறிய துண்டுகளில் சிரமப்பட்டு உழுவதும் பொது நன்மையில் சேராதா? சேர்த்தாக வேண்டும் என்பது என் கருத்து. காட்சியை அனுபவிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து காட்சியை வைத்திருப்பவரின் பாரத்தில் கொஞ்சம் சுமக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூரிகள் சுற்றும் நாள் நவம்பர் கடைசி என்பதால் குளிர் எலும்பைத் துளைக்கும்; கனத்த கம்பளிச் சட்டையும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் வேண்டும். செருப்போடு போனால் லாக்ஸ்டன் களிமண் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். ஜூன் மாதம் போனால் சேறு இராது. கோதுமை கதிர் வாங்கி நிற்கும், சைக்கில் பூக்கள் இருக்கும், ஆனால் மன்றத்தைப் பார்க்க முடியாது. மூடியிருந்த படலை மூடுங்கள். திறந்திருந்ததைத் திறந்தபடி விடுங்கள். ஏழைகள் விடுதி எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். பிள்ளைகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். வயலில் யாராவது வேலையாக இருந்தால், பாஷை தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். அவரே டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தாலும் வருவார்.